இயோலானி அரண்மனைக்குப் போகிறீர்களா? ஹவாய் வரலாற்றை அங்கேயே படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஹொனலுலுவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் வைகிகி கடற்கரை இருக்கும், பேர்ள் ஹார்பர் இருக்கும், டைமண்ட் ஹெட் மலையேற்றம் இருக்கும். இயோலானி அரண்மனை பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் "நேரம் கிடைத்தால் பார்க்கலாம்" என்று கடைசி வரியில் இருக்கும். அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். இன்றைய அமெரிக்க மண்ணில், நாடாண்ட ஓர் அரசரின் தலைமை அரண்மனையாக இருந்தது இது ஒன்றுதான். அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரு நாடு எப்படி எழுந்தது, எப்படிப் பறிபோனது என்ற கதை முழுவதும் இந்த ஒரே வீட்டின் சில அறைகளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது.

ஆனால் கதை தெரியாமல் உள்ளே போனால் அழகான மரப்படியும் பளபளக்கும் விளக்குகளும்தான் கண்ணில் படும். நான் முதல் தடவை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை படித்துவிட்டுப் போனேன். அது வேறு வீடாகத் தெரிந்தது. இந்த வழிகாட்டியை அந்த இரண்டாம் பயணத்தை வைத்து எழுதுகிறேன்.

போகும் முன்: ஒரு மாலை நேரப் படிப்பு

ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர் முதலாம் கமேஹமேஹா. 1795க்குள் பெரும்பாலான தீவுகள் அவர் கைக்கு வந்துவிட்டன. 1810இல் கடைசியாகக் கவாய் தீவும் சேர்ந்தது. அதற்குள் ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. கேப்டன் குக் வந்து இறங்கியது 1778. கப்பல்களோடு நோய்களும் வந்தன. அவற்றை எதிர்க்கும் சக்தி தீவு மக்களின் உடலில் இல்லை. 1890 கணக்கெடுப்பின்போது, கலப்பினத்தவரையும் சேர்த்து, பூர்வகுடி ஹவாய்க்காரர்கள் சுமார் 40,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அரண்மனையைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது. அதைக் கட்டிய அரசர் தன் மக்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே போவதைப் பார்த்தபடிதான் கட்டினார்.

1820இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். 1875இல் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஹவாய்ச் சர்க்கரை அங்கே வரியில்லாமல் நுழைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் தீவின் பணமும் அதிகாரமும் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கமேஹமேஹா வம்சத்தின் ஐந்தாம் அரசர் 1872இல் வாரிசு சொல்லாமல் இறந்தார். அடுத்து வந்த லுனாலிலோவும் ஓராண்டிலேயே போய்விட்டார். 1874இல் சட்டமன்றம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசர்தான் டேவிட் கலாகௌவா. அரண்மனையைக் கட்டியவர் இவர். இவருக்குப் பின் 1891இல் அரியணை ஏறிய தங்கை லிலியுவோகலானி. இந்த அண்ணன் தங்கை இருவர் பெயரையும், 1882, 1893, 1895 என்ற மூன்று ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கட்டி முடித்தது, கவிழ்த்தது, சிறைவைத்தது. மீதியை அறைகள் சொல்லும்.

டிக்கெட், நாள், நேரம்

ஞாயிறும் திங்களும் அரண்மனைக்குள் சுற்றிக் காட்டுவது வழக்கமில்லை. நான் ஒரு திங்கட்கிழமை காலை நெற்றி வியர்க்க நடந்து போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். தப்பு என்னுடையதுதான், நாள் பார்க்கவில்லை. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. எனவே கிளம்பும் முன் அரண்மனையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்து, அங்கேயே முன்பதிவும் செய்துவிடுங்கள்.

இரண்டு வகை டிக்கெட் உண்டு. ஒன்று, வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து விளக்குவது. இன்னொன்று, காதில் கருவியை மாட்டிக்கொண்டு நம் போக்கில் சுற்றுவது. விலை வித்தியாசம் இருந்தாலும் முதலாவதையே எடுங்கள் என்பேன். வழிகாட்டிகள் இதை ஊர்க்கதையாகச் சொல்வதில்லை, தங்கள் வீட்டில் நடந்த துக்கம்போலச் சொல்கிறார்கள். சில இடங்களில் அவர்கள் குரல் மாறுவதை எந்தக் கருவியும் தராது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் கருவி வசதி. குழந்தை அழுதால் ஒதுங்கி நிற்கலாம், யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வைகிகியிலிருந்து பேருந்தில் வருவதே எளிது. கார் எடுத்தால் வளாகத்துக்குள்ளேயே மீட்டர் போட்ட பார்க்கிங் இருக்கிறது, ஆனால் இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தொப்பி, தண்ணீர், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு அல்லது ஷூ. மரத்தரையைக் காப்பாற்ற உள்ளே காலணிக்கு மேல் ஒரு துணி உறையை மாட்டச் சொல்வார்கள். பெரிய முதுகுப்பையைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். உள்ளே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது.

டிக்கெட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்வது நல்லது. வெளியே பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் வெளியே சுற்றுங்கள்

கிங் தெருப் பக்கம் இருக்கும் பெரிய வாயிலில் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் விழாக்களுக்காகத் திறந்த வாயில் அது. மூன்றாம் கமேஹமேஹாவின் இயற்பெயரான கௌயிகேயாவோலி என்பதே அதன் பெயர். கதவில் அரச முத்திரை இருக்கும். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கொடியைப் பாருங்கள். எட்டுப் பட்டைகள், மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக். பிரிட்டிஷ் காலனியாக இருந்ததே இல்லாத ஒரு நாட்டின் கொடியில் இது எப்படி என்று குழம்பத்தான் செய்யும். ஆரம்பகால அரசர்கள் பிரிட்டனோடு வைத்திருந்த நட்பின் அடையாளம் அது. இன்று அதுவே ஹவாய் மாநிலக் கொடி. ஆனால் அரண்மனை உச்சியில் அமெரிக்கக் கொடி துணைக்கு இல்லாமல் அது தனியாகப் பறக்கிறது.

வளாகத்தின் ஒரு பக்கம் வேலி போட்ட சின்ன மேடு ஒன்று இருக்கும். பச்சைச் செடிகள் சூழ்ந்திருக்கும் அதைப் பலர் தோட்ட அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 1824இல் இரண்டாம் கமேஹமேஹாவும் அரசி கமாமலுவும் லண்டனுக்குப் போய், அங்கே தட்டம்மை கண்டு இறந்தார்கள். உடல்கள் கப்பலில் திரும்பி வந்தபோது அவற்றை வைக்க 1825இல் எழுப்பிய கல்லறை இருந்த இடம் இதுதான். அரச குடும்பத்தின் எச்சங்களை 1865இல் நுவுவானு பள்ளத்தாக்கில் கட்டிய புதிய கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் இந்த மேடு இன்றும் புனித இடம். வேலியைத் தாண்டாதீர்கள், அதன்மேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். ஹவாய் மொழியில் 'கபு' என்று ஒரு சொல் உண்டு. தீண்டக்கூடாதது, காக்கப்பட்டது, புனிதமானது என்ற மூன்றும் அதற்குள் அடங்கும். அதைப் புரிந்துகொள்ள இந்த மேட்டைவிட நல்ல இடம் கிடையாது.

தனியாக நிற்கும் எண்கோண மண்டபம் 1883இல் முடிசூட்டு விழாவுக்காகக் கட்டியது. கலாகௌவா பதவியேற்று ஒன்பது ஆண்டு கழித்து, பிப்ரவரி 12ஆம் தேதி, தன் கையாலேயே கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு அரசி கபியோலானிக்கும் அவரே சூட்டினார். அன்று மண்டபம் அரண்மனைப் படிகளுக்கு எதிரே இருந்தது, பின்னாளில்தான் இப்போதைய மூலைக்கு நகர்த்தினார்கள். அந்த விழாவில், மிஷனரிகள் பல ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த ஹூலா நடனம் மக்கள் முன்னால் ஆடப்பட்டது. இன்று ஹோட்டல் வாசல்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடுவதைப் பார்க்கும் நமக்கு, அப்போது அது எவ்வளவு துணிச்சலான செயல் என்று உறைக்காது.

டிக்கெட் வாங்கும் கோட்டை மாதிரிக் கட்டடம் அரசரின் காவல்படை இருந்த இடம். 1871இல் பவளப்பாறைக் கற்களால் கட்டி முடித்தது. கையால் தடவிப் பாருங்கள், கடலின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். பக்கத்தில் மாநிலச் சட்டமன்றம் கட்ட இடம் வேண்டியிருந்ததால் 1965இல் அதைக் கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள்.

கீழ்த்தளம்: அரசர் உலகத்துக்குக் காட்ட விரும்பியது

முன்கூடத்தில் நுழைந்ததும் கோவா மரத்தால் செய்த படிக்கட்டு எதிரே நிற்கும். ஹவாயில் மட்டும் வளரும் மரம் அது. சுவர்களில் முந்தைய அரசர்கள், அரசிகளின் ஓவியங்கள். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். கலாகௌவா கமேஹமேஹா வம்சத்தவர் இல்லை. தேர்தலில் அவரிடம் தோற்ற எம்மா அரசியின் (நான்காம் கமேஹமேஹாவின் மனைவி) ஆதரவாளர்கள் அன்றே கலவரம் செய்தார்கள். அப்படிப்பட்டவர் விருந்தினர் நுழையும் இடத்திலேயே பழைய அரசர்களை வரிசையாக மாட்டி வைத்தால், அது வெறும் அலங்காரம் ஆகுமா?

கலாகௌவா 1881இல் உலகத்தைச் சுற்றி வந்தார். ஆட்சியில் இருந்தபடி உலகைச் சுற்றிய முதல் அரசர் அவர். ஜப்பான், சீனா, சயாம், சிங்கப்பூர், கல்கத்தா, பம்பாய், எகிப்து, ஐரோப்பா என்று போய், நியூயார்க்கில் எடிசனையும் சந்தித்துவிட்டு வந்தார். 1887க்குள் அரண்மனையில் மின்விளக்கு எரிந்தது. வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891இல்தான். தொலைபேசியும் இருந்தது, தண்ணீர் ஊற்றி அடிக்கும் கழிப்பறையும் இருந்தது. செலவு மூன்று லட்சம் டாலருக்கு மேல் ஆனது. ஊதாரி அரசர் என்று எதிரிகள் எழுதினார்கள். என் கணக்கில் அது ஊதாரித்தனம் மட்டும் இல்லை. சின்னத் தீவு நாட்டை எந்தப் பேரரசும் எப்போது வேண்டுமானாலும் விழுங்கலாம் என்ற காலத்தில், "நாங்களும் உங்களைப்போல ஒரு நாடு" என்று சொல்ல அவருக்குக் கிடைத்த வழி இது. அந்தப் பேச்சு எடுபடவில்லை என்பது வேறு விஷயம்.

உணவறையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அரசரின் நாற்காலி மேசையின் தலைமாட்டில் இல்லை, நீளவாட்டில் நடுவில் இருக்கிறது. இரு பக்கத்து விருந்தினரோடும் பேச வசதி. பேச்சுப் பிரியர் என்று பெயரெடுத்தவர் அவர்.

அடுத்து அரியணை அறை. சிவப்பும் தங்கமுமாக, கண்ணாடிகளில் விளக்குகள் பெருகித் தெரியும். இரண்டு அரியணைகளுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைத் தடி ஒரு நார்வால் திமிங்கிலத்தின் கொம்பு, உச்சியில் தங்கப் பந்து. அரசரின் கபுவைக் குறிக்கும் சின்னம் அது. இங்கே நடனங்கள் நடந்தன. 1891 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்த அரசரின் உடலையும் இங்கேதான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து இதே அறையில் ஒரு ராணுவ நீதிமன்றம் கூடியது. கூண்டில் ஏற்றப்பட்டவர் அவருடைய தங்கை. அந்த விஷயத்தை மாடிக்குப் போகும்வரை கையில் வைத்திருங்கள்.

மாடி: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

அரசரின் படுக்கையறை, நூலகம், அரசியின் அறை எல்லாவற்றையும் வழிகாட்டி காட்டுவார். நாற்காலிகளைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் அரண்மனைச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டார்கள். அப்புறம் 1969 வரை இந்தக் கட்டடம் அரசு அலுவலகம். அரியணை அறையில் கீழவை, உணவறையில் மேலவை. 1960களில் அரச வழித்தோன்றல் ஒருவரின் முயற்சியில் உருவான அமைப்பு, சிதறிப்போன பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடி மீட்டது. 1978இல் அரண்மனை மக்களுக்குத் திறந்தது. தேடல் இன்னும் முடியவில்லை. அதனால் சில அறைகள் கொஞ்சம் காலியாகத் தெரிந்தால், அது சோம்பேறித்தனம் இல்லை.

இனி மூலையில் இருக்கும் அறை.

1887இல், ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டத்தின் மிரட்டலில் கலாகௌவா ஒரு புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். துப்பாக்கிமுனைக் கத்தியின் பெயரால் அதை 'பயனெட் அரசியலமைப்பு' என்றே இன்றும் சொல்கிறார்கள். அரசரின் அதிகாரம் பெரும்பாலும் போனது. குறிப்பிட்ட அளவு சொத்தோ வருமானமோ இருந்தால்தான் மேலவைக்கு ஓட்டு என்று ஆனதால் பூர்வகுடிகளில் பலர் ஒதுக்கப்பட்டார்கள், ஆசியர்களுக்கு ஓட்டே இல்லை. லிலியுவோகலானி 1893 ஜனவரியில் அதை மாற்ற முயன்றார். எதிராளிகள் அதையே சாக்காக வைத்தார்கள். ஜனவரி 16ஆம் தேதி யு.எஸ்.எஸ். பாஸ்டன் கப்பலிலிருந்து 160க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் கரையிறங்கினார்கள். மறுநாள், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலியியோலானி ஹாலே கட்டடத்தில், முடியாட்சி முடிந்தது என்று அறிவித்தார்கள். ரத்தம் சிந்துவதைத் தவிர்க்க அரசி விட்டுக்கொடுத்தார். ஆனால் யாரிடம் விட்டுக்கொடுப்பதாக எழுதினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கவிழ்த்தவர்களிடம் இல்லை, அமெரிக்க அரசின் படைபலத்திடம். வாஷிங்டன் உண்மையை விசாரித்துத் தன் ஆட்சியைத் திருப்பித் தரும் என்று அவர் நம்பினார். அதிபர் கிளீவ்லாண்ட் விசாரிக்கவும் செய்தார், தவறு நடந்ததாகச் சொல்லவும் செய்தார். ஆட்சி மட்டும் திரும்பவில்லை.

1895 ஜனவரியில் அரசியின் ஆதரவாளர்கள் கிளர்ந்தார்கள், சில நாளில் அடங்கினார்கள். அரசியைக் கைது செய்தார்கள். தன் ஆதரவாளர்களின் உயிரைக் காப்பாற்ற அவர் முடிதுறப்பில் கையெழுத்திட்டார். கிளர்ச்சி பற்றித் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. ஐந்து ஆண்டு கடுங்காவல், 5,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. கடுங்காவல் நிறைவேறவில்லை. அதற்குப் பதில் தன் சொந்த அரண்மனையின் மாடியறையில் ஏறக்குறைய எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். ஒரு தோழி மட்டும் துணை. செய்தித்தாள் கிடையாது. ஆனால் அரசியின் தோட்டத்திலிருந்து பூக்கள் வரும், பூக்களைச் செய்தித்தாளில் சுற்றித்தான் அனுப்புவார்கள்.

அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்வை இருக்கிறது. பட்டு, வெல்வெட், ரிப்பன் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டுப்போட்டுத் தைத்தது. ஒன்பது கட்டங்கள். நடுக்கட்டத்தில் ஹவாய்க் கொடிகள், அரசி இங்கே சிறைவைக்கப்பட்டதும் 1895 செப்டம்பர் 6இல் வெளிவந்ததும் எழுத்தாகவே தைத்திருக்கிறது. எட்ட நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். குனிந்து, ஊசி வேலையைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். வெளியுலகோடு பேச வழியில்லாத இடத்தில் ஒரு பெண் விட்டுச்சென்ற ஆவணம் அது. கூட வந்த கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தாலும் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள், வழிகாட்டிகள் பொறுத்துக்கொள்வார்கள்.

நிலவறை

கிரீடங்கள், வாள்கள், பிற நாட்டு அரசர்கள் தந்த பதக்கங்கள், பழைய சமையலறை எல்லாம் இங்கே. நம் போக்கில் பார்க்கலாம். அரசரின் கிரீடத்தில் மின்னுபவை அசல் கற்கள் இல்லை. 1893இல் ஆட்சி மாறிய பிறகு காவலுக்கு இருந்த படைவீரர் ஒருவரே கற்களைப் பெயர்த்துவிட்டார். பின்னாளில் போலிக் கற்களை வைத்துச் செப்பனிட்டார்கள்.

வெளியே வந்த பிறகு

பசித்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எல்லாமே நடக்கும் தூரம்தான். பின்பக்கம், சட்டமன்றத்துக்கும் அரண்மனைக்கும் நடுவே லிலியுவோகலானியின் சிலை நிற்கிறது. கையில் யாராவது பூ வைத்திருப்பார்கள், எடுக்காதீர்கள். அதைத் தாண்டி வாஷிங்டன் பிளேஸ். விடுதலைக்குப் பின் அரசி வாழ்ந்து 1917இல் இறந்த வீடு. முன்பக்கம் தெருவைக் கடந்தால் கமேஹமேஹா சிலை. எல்லோரும் படம் எடுக்கும் இது இரண்டாவது வார்ப்பு. முதலாவது வரும் வழியில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே கப்பலோடு மூழ்கி, பிறகு மீட்கப்பட்டு, அரசர் பிறந்த கொஹாலாவில் நிற்கிறது. சிலைக்குப் பின்னால் தெரியும் கட்டடம்தான் 1893 அறிவிப்பு நடந்த இடம். அங்கிருந்து திரும்பி அரண்மனையைப் பாருங்கள். இவ்வளவு கிட்டத்திலா என்று தோன்றும்.

இந்த அரண்மனையில் 1898 ஆகஸ்ட் 12 அன்று ஹவாய்க் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றினார்கள். பெரும்பாலான ஹவாய்க்காரர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே 21,000க்கும் மேற்பட்டோர் இணைப்பு வேண்டாம் என்று மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். மேலே சொன்ன 40,000 என்ற எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1993இல் மன்னிப்புத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது.

பேச்சில் ஒன்று கவனம். ஹவாயில் வசிக்கிற எல்லோரையும் 'ஹவாய்க்காரர்' என்று அங்கே சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல் பூர்வகுடிகளுக்கு மட்டும். அதேபோல இணைப்பு சரியா தவறா என்று வழிகாட்டியிடம் விவாதம் பண்ண வேண்டாம். கேள்வி கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் பிஷப் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மஞ்சள் பறவை இறகுகளால் நெய்த கமேஹமேஹாவின் அங்கி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் நுவுவானுவில் இருக்கும் மௌனா அலா. அரண்மனை மேட்டிலிருந்து கொண்டுபோன அரசர்கள் அங்கே இருக்கிறார்கள். கலாகௌவாவும் லிலியுவோகலானியும் ஒரே நிலத்தடி அறையில். முதலாம் கமேஹமேஹாவைத் தேடாதீர்கள், அவர் அங்கே இல்லை. பழைய வழக்கப்படி அவர் எலும்புகளை ரகசியமாக ஒளித்துவிட்டார்கள், இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. வார நாளில், காலை நேரத்தில் போங்கள். மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் மழை பிடித்துக்கொள்ளும்.